நெதர்லாந்துக்காரரும் ஜப்பானியரும் ஒன்றாக வந்தால்

எங்கள் கைத்தறித் துணியைப் பார்க்க நெதர்லாந்துக்காரர் ஒருவரும் அவருடைய ஜப்பானியப் பங்காளியும் ஒரே நாளில் மட்டக்களப்புக்கு வந்தார்கள். அன்றைக்கு நான் விட்ட பிழைகளை நீங்களும் விடாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

வந்தவுடன் கந்தோருக்குள் இருத்தி விலை பேசாதீர்கள். கோட்டைக்குக் கூட்டிப்போங்கள். ஒல்லாந்தர், அதாவது அந்தக் கால நெதர்லாந்துக்காரர், தங்கள் கிழக்கிந்தியக் கம்பனியின் பேரில் அதைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1638இல். மூன்றே வருடத்தில், 1641இல், அதே கம்பனியின் ஆட்கள் ஜப்பானில் நாகசாகித் துறைமுகத்தின் தெஜிமா என்ற துண்டுத் தீவுக்குள் அடைபட்டார்கள். இந்தக் கோட்டை இருக்கும் புளியந்தீவில் பீரங்கியோடு அதிகாரம் பண்ணியவர்கள், அங்கே பாலத்தைத் தாண்டவே அனுமதி கேட்டு நின்றார்கள். ஆனாலும் விட்டுப் போகவில்லை. சீனியும் பட்டும் கொண்டுபோய்ச் செம்பு ஏற்றி வந்தார்கள். இருநூறு வருடத்துக்கு மேல், ஐரோப்பியரில் அவர்களுக்கு மட்டும்தான் அந்த வியாபாரம். கோட்டை மதிலில் நின்று இதைச் சொன்னதும் ஜப்பானியர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், மற்றவர் வாவிக்குக் கேட்கச் சிரித்தார். நாம் கந்தோர் என்பதும் ஜப்பானியர் கோப்பியைக் கோஹீ, பியரைப் பீரு என்பதும் ஒல்லாந்தரிடம் வாங்கிய சொற்கள்தான். அதையும் சொல்லுங்கள், பேச்சு தானாக ஓடும்.

மறுகா விசிட்டிங் கார்ட். பெரியவர்களுக்கு வெற்றிலை கொடுப்பதுபோல ஜப்பானியருக்கு இரண்டு கையாலும் கொடுங்கள். அவர் தருவதை வாசித்துவிட்டு மேசையில் வையுங்கள். நான் பின் பொக்கற்றில் செருகிக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார்.

நெதர்லாந்துக்காரர் துணியை விரித்ததுமே, “ஓரம் கோணல், இந்த விலை கூட” என்றார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அது கோபமில்லை, அவர்கள் பேசுவதே அப்படித்தான் என்று பிறகுதான் விளங்கியது. நீங்களும் நேரே பதில் சொல்லலாம்: நூல் இவ்வளவு, கூலி இவ்வளவு, இதற்குக் கீழே முடியாது. மனவருத்தப்படமாட்டார்.

ஜப்பானியர் அமைதியாக, “யோசித்துப் பார்க்கிறோம்” என்றார். நான் அதை ஓம் என்று எடுத்து நாற்பது கிலோ நூலுக்குச் சாயம் போட்டுவிட்டேன். அந்த நூல் இன்னும் பின்னறையில் கிடக்கிறது. கலியாணப் பேச்சில் நம் ஆட்கள் “பாப்பம்” என்றால் என்ன அர்த்தம்? அதேதான். கையெழுத்து வரும்வரை சாயச்சட்டியை அடுப்பில் வைக்காதீர்கள்.

துணி கொடுக்கும் திகதி கேட்டால் ஏப்ரலைத் தொடவே வேண்டாம். 14ஆம் திகதியை ஒட்டி நம் வருடப்பிறப்பு, நெய்கிற பிள்ளைகள் ஒரு கிழமை வரமாட்டார்கள். 27இல் நெதர்லாந்தில் மன்னர் தினம். 29இல் ஜப்பானில் தொடர் விடுமுறை தொடங்கி மே முதல் வாரம் வரை இழுக்கும். மே நடுப்பகுதி என்று எழுதிக் கொடுங்கள்.