மானியோடோட்டோவில் குளிர்கால மோட்டார்ஹோம் பயணம்

ஜூன் முதல் ஆகஸ்டு வரை நியூசிலாந்தில் குளிர்காலம். பினாங்கிலிருந்து செல்லும் நம்மவர் பெரும்பாலும் தென்தீவின் சுற்றுலா நகரான குயீன்ஸ்டவுனோடு நின்றுவிடுகின்றனர். அதற்குக் கிழக்கேயுள்ள மானியோடோட்டோ சமவெளியின் ரான்ஃபர்லி, நேஸ்பி, செயின்ட் பாத்தன்ஸ் ஆகிய சிற்றூர்களுக்கு, படுக்கையும் அடுப்பும் கழிவறையும் கொண்ட வாடகை வண்டியான மோட்டார்ஹோமில் சென்றுவர ஒரு வாரம் ஒதுக்குவதே சிறந்தது என்பேன்.

அங்கும் வாகனங்கள் இடப்பக்கமே செல்வதால் நமக்குத் தடுமாற்றம் குறைவு. ஆயினும் நிழல் விழும் வளைவுகளில் கண்ணுக்குப் புலப்படாத பனிக்கட்டிப் படலம் காலையில் நெடுநேரம் கரையாதிருக்கும் என்பதாலும், மாலை ஐந்து மணியளவில் இருட்டிவிடும் என்பதாலும், காலை பத்து மணிக்குப் பின் புறப்பட்டு நூறு கிலோமீட்டருக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். பனியில் வழுக்காமலிருக்க உதவும் சக்கரச் சங்கிலிகளை மாட்டும் முறையை வாடகை நிலையத்திலேயே செய்து பழகுங்கள்.

குளிரை எளிதாக எண்ணிவிடக் கூடாது: 1903 ஜூலையில் ரான்ஃபர்லியில் பதிவான −25.6 பாகை செல்சியஸே அந்நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலை. அடுப்பெரிக்கும் பியூட்டேன் வாயு உறைநிலையருகே ஆவியாகாது. எனவே புரொப்பேன் கலன் உள்ளதா எனக் கேளுங்கள். இரவில் வண்டிக்கு வெளியிலிருந்து நீர் கொண்டுவரும் தண்ணீர்க் குழாயைக் கழற்றி வடித்து உள்ளே வையுங்கள். சமைக்கும்போது சன்னலைச் சற்றே திறந்து வைப்பது இன்றியமையாதது. ஈரம் படிவது குறையும், நச்சுவாயுவும் தேங்காது.

கறித்தூள், நெத்திலி என எவ்வுணவைக் கொண்டுசென்றாலும் விமான நிலையத்தில் அறிவித்துவிடுங்கள்; மறைத்தால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். கழிவறைத் தொட்டியை அதற்கென அமைந்த கழிவகற்று நிலையங்களில் மட்டுமே காலிசெய்ய வேண்டும்.