மஞ்சள் தண்ணீருக்கு ஒரு ராத்திரி போதும்

பிடிக்கும்போது தெளிவாக இருந்து, கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகிற குழாய்த் தண்ணீரை அகன்ற டிரம்மில் உயரத்திலிருந்து விழும்படி பிடியுங்கள். மெல்லிய துணியால் மூடி (கொசு வந்துவிடும்), ராத்திரி முழுக்க அசைக்காமல் விட்டு, காலையில் மேல்தண்ணீரை மட்டும் மொள்ளுங்கள்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு, காற்று பட்டதும் துருவாகிப் பெரும்பாலும் அடியில் படிந்துவிடும். ஃபில்டரும் சீக்கிரம் அடைக்காது. அப்புறம், வெள்ளைத் துணியில் அந்தக் கறை பட்டால் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

கிருமி இதனால் சாகாது; குடிக்க என்றால் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். குழாயிலிருந்தே கலங்கலாகவோ சாக்கடை வாடையோடோ வந்தால் டிரம் வேலையெல்லாம் வேண்டாம், நேரே நகராட்சியில் சொல்லுங்கள்.