இசையில் பட்டம் படிக்கப் போகிறீர்களா? பெயரைப் பார்க்காதீர்கள், கிரெடிட்டை எண்ணுங்கள்

இசையில் டிகிரி படிக்கலாம் என்று முடிவெடுத்துப் பல்கலைக்கழகங்களின் பாடப் பட்டியலைத் திறந்தால் கண்ணைக் கட்டும். பி.மியூஸ். (பேச்சலர் ஆஃப் மியூசிக்), பி.ஏ. மியூசிக், பி.எஸ்சி. மியூசிக் டெக்னாலஜி, இசைக் கல்வி, இசை சிகிச்சை என்று நீண்டுகொண்டே போகும். பட்டத்தின் பெயரை மட்டும் நம்பிச் சேர்ந்தவர்கள் முதல் செமஸ்டரிலேயே விழிப்பதுண்டு. வாரத்தில் எத்தனை மணி நேரம் வாத்தியத்தோடு போகும், எத்தனை மணி நேரம் நூலகத்தில் போகும், எத்தனை மணி நேரம் கணினி முன்னால் போகும்? இதைக் கண்டுபிடிக்கத்தான் கீழே உள்ள படிகள்.

படி 1: போன மாதத்தைத் திரும்பிப் பாருங்கள்

"எனக்கு இசை பிடிக்கும்" என்பது போதாது. போன மாதம் யாரும் சொல்லாமலே என்ன செய்தீர்கள்? வராத ஒரு வரியை நாற்பது தடவை வாசித்தீர்களா? அப்படியானால் உங்கள் இடம் நிகழ்த்துகலை. ஒரு பாட்டு ஏன் அந்த இடத்தில் உருக வைக்கிறது என்று தேடித் தேடிப் படித்தீர்களா? இசையியல் பக்கம் போங்கள். மைக்கை இரண்டு அடி தள்ளி வைத்தால் குரல் எப்படி மாறுகிறது என்று சோதித்தீர்களா? ஒலிப்பதிவு. சொந்தமாக மெட்டுக் கட்டினீர்களா? கம்போசிஷன்.

படி 2: பெயர்களின் பொதுவான பொருள்

பி.மியூஸ். என்றால் பெரும்பாலும் இசையே முழுநேர வேலை. கன்சர்வேட்டரிகள் எனப்படும் தனி இசைக் கல்லூரிகள் இதைத்தான் அதிகம் தருகின்றன. லண்டனில் 1822இல் தொடங்கிய ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் இது 4 ஆண்டுப் படிப்பு. பி.ஏ. என்றால் வரலாறு, பகுப்பாய்வு, கட்டுரை எழுதுவது இவற்றுக்கு எடை கூடும். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் இசைக்குத் தருவது பி.ஏ. பட்டம்தான். பி.எஸ்சி. என்று இருந்தால் ஒலியியல், மின்னணுவியல், நிரலாக்கம் வரும். அந்த வகைப் படிப்புகள் சிலவற்றில் சேரக் கணக்கும் இயற்பியலும் கேட்பார்கள். பாடத் தெரிந்தால் மட்டும் போதாது.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இன்னொரு வேடிக்கை: அங்கே கலைப் புலத்தில் முதல் பட்டத்துக்கே எம்.ஏ. என்று பெயர். பெயரை நம்ப வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான்.

படி 3: கிரெடிட்டை எண்ணுங்கள்

இந்த ஒரு படியைத் தவறாமல் செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பல்கலைக்கழகத்தின் தளத்தில் பாடத்திட்டத்தைத் தேடி எடுங்கள். ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: வாத்திய வாசிப்பு, எழுத்து, படைப்பு, மற்றவை. ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும், அதாவது பட்டத்தில் அந்தப் பாடத்துக்கு எவ்வளவு எடை என்று காட்டும் எண்ணையும், உரிய கட்டத்தில் எழுதிக் கூட்டுங்கள்.

அமெரிக்காவில் இளங்கலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட். தொழில்முறை பி.எம். (பி.மியூஸுக்கு அங்கே உள்ள பெயர்) பட்டத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இசைப் பாடங்களாக இருக்கும், பி.ஏ.வில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். பிரிட்டனில் ஆண்டுக்கு 120, மூன்று ஆண்டுக்கு 360. ஐரோப்பாவின் பல நாடுகளில் ஆண்டுக்கு 60. எண்கள் வேறு வேறாக இருப்பதால் விகிதத்தை ஒப்பிடுங்கள். பிரிட்டனில் ஒரு படிப்பின் முதலாண்டில் வாசிப்புக்கு 20 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். ஆறில் ஒரு பங்கு. தினமும் ஐந்து மணி நேரம் சாதகம் செய்யும் ஆசையோடு போகிறவருக்கு அந்தப் படிப்பு சரிப்படாது.

அப்புறம், எவை கட்டாயம், எவை விருப்பப் பாடம் என்று பிரித்துப் பாருங்கள். கவர்ச்சியான பாடங்கள் பல இடங்களில் விருப்பப் பட்டியலில்தான் இருக்கும். எல்லா ஆண்டும் நடக்கும் என்ற உறுதி கிடையாது.

படி 4: இரண்டு படகிலும் கால் வைக்கலாமா?

வைக்கலாம். அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் 5 ஆண்டில் பி.எம்., பி.ஏ. இரண்டையும் வாங்கும் இரட்டைப் பட்டம் உண்டு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் ராயல் நார்தர்ன் இசைக் கல்லூரியும் சேர்ந்து 4 ஆண்டுப் படிப்பு நடத்துகின்றன. ஆனால் உடம்பும் மனசும் தாங்குமா என்று யோசித்துவிட்டு இறங்குங்கள்.

படி 5: உரிமம் கேட்கும் வேலைகள்

பள்ளியில் இசை ஆசிரியர் ஆக வேண்டுமா? அந்த நாட்டின் ஆசிரியர் தகுதி இந்தப் பட்டத்திலேயே அடங்குமா, தனியாகப் படிக்க வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். இசை சிகிச்சையும் இப்படித்தான். அமெரிக்காவில் இளங்கலையிலேயே 1,200 மணி நேரப் பயிற்சியோடு அந்தத் துறைக்குள் நுழையலாம். பிரிட்டனில் முதுகலை வேண்டும்.

படி 6: தேதியும் ஆடிஷனும்

கன்சர்வேட்டரி விண்ணப்பங்கள் சீக்கிரமே முடிந்துவிடும். பிரிட்டனில் பெரும்பாலான இசைக் கல்லூரிகளுக்கு, படிப்பு தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு அக்டோபர் தொடக்கமே கடைசி. பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்கு ஜனவரி வரை நேரம் உண்டு.

ஆடிஷனில் தயார் செய்த உருப்படிகளோடு, பார்த்திராத ஒரு இசைக்குறிப்புப் பக்கத்தை நீட்டி வாசிக்கச் சொல்லலாம். பியானோவில் ஒரு சிறு துண்டை வாசித்துவிட்டு அதைத் திருப்பிப் பாடச் சொல்லலாம். பாதியில் "போதும்" என்று நிறுத்தினால் பதறாதீர்கள். நேரம் குறைவு, அவர்களுக்குத் தேவையானது கேட்டுவிட்டது, அவ்வளவுதான்.

விண்ணப்பிக்கும் முன் இன்னொன்று: உங்கள் வாத்தியத்தை அங்கே கற்பிப்பவருக்கு எழுதி, ஒரு சோதனைப் பாடம் கிடைக்குமா என்று கேளுங்கள். பலர் ஒப்புக்கொள்வார்கள். அந்த அரை மணி நேரத்தில் அவர் உங்கள் வாசிப்பைப் பாராட்டுகிறாரா என்று பார்க்காமல், அவர் சொன்ன ஒரு திருத்தமாவது வீட்டுக்கு வந்த பிறகும் கையில் நிற்கிறதா என்று பாருங்கள். அடுத்த மூன்று நான்கு ஆண்டு வாராவாரம் அவர் முன்னால்தான் வாசிக்கப் போகிறீர்கள்.