ஒரே மடிப்பில் ஒரு கலைநூல்

பாட்டியின் அடுப்படி, விட்டு வந்த வீடு என ஏதேனும் ஒரே நினைவைத் தேர்ந்துகொண்டு அதற்கென்றே ஒரு கலைநூல், அதாவது தானே ஒரு கலைப்படைப்பாக நிற்கும் கையால் செய்த புத்தகம், செய்யுங்கள். பொருள் சிறிதாக இருந்தால்தான் கை துணிந்து இயங்கும்.

முதலில் தாளின் இழையோட்டத்தை, அதாவது அதன் நார்கள் ஓடும் திசையை, அறிய வேண்டும். தாளை நெடுக்கிலும் குறுக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எப்படி வளைக்கும்போது எதிர்ப்புக் குறைகிறதோ, அந்த வளைவின் கோட்டுத் திசையிலேயே இழை ஓடுகிறது. புத்தகத்தின் முதுகு, அதாவது பக்கங்கள் மடியும் விளிம்பு, அதற்கு இணையாக அமையாவிட்டால் மடிப்பு வெடிக்கும், பக்கங்களும் விறைத்து நிற்கும்.

நான்கு தாள்களை அடுக்கி மடித்தால் 16 பக்கங்கள் கிடைக்கும். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே தாளின் ஒரே முகத்தில் வருவதால், பென்சிலால் எண்ணிட்ட பிறகே தாள்களைப் பிரித்து வரையுங்கள்.

பின்னர் தாள்களை மீண்டும் எண் வரிசையில் அடுக்கி, கெட்டித்தாள் அட்டையைச் சுற்றிவைத்து, மடிப்பில் நடுவிலும் இரு முனைகளிலிருந்து 3 செ.மீ. உள்ளேயும் துளையிடுங்கள். உள்ளிருந்து நடுத்துளை வழியே தையல்நூல் கோத்த ஊசியை வெளியேற்றி, மேல்துளையில் நுழைத்து, நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியேற்றி, மீண்டும் நடுத்துளைக்குள் கொண்டுவாருங்கள். நீண்ட தையலின் இருபுறமும் நூல்முனைகள் நிற்குமாறு முடிச்சிடுங்கள். தையல்நூல் வெளிப்படையாகத் தெரியும் 8, 9ஆம் பக்கங்களில், அதன் நிறத்தையும் ஓவியத்தின் ஒரு கோடாகவே எண்ணி வரைவதை நான் மிகவும் விரும்புகிறேன்.