பாறை ஆற்றுக்கு முதல் கேனோ: படகு தேர்வும், தர்மபுரி – கிருஷ்ணகிரி பக்கம் துடுப்பு போட இடமும்

ஒகேனக்கல்லில் பரிசலில் போய்வந்த பிறகு "நாமே ஒரு படகு வாங்கி ஓட்டினால் என்ன?" என்று தோன்றியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏரியில் மெதுவாகப் போகும் படகைப் பற்றி அல்ல. பாறைக்கு நடுவே நுரைத்து ஓடும் நீரில் போகிற ஒயிட்வாட்டர் கேனோ பற்றி. கயாக்கில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தகடு உள்ள துடுப்பைப் போடுவோம். கேனோவில் மண்டியிட்டு, ஒற்றைத் தகடு துடுப்பைப் பிடிப்போம். மண்டியிடும்போது கண் கொஞ்சம் மேலே இருப்பதால் முன்னால் வரும் பாறையும் சரிவும் சீக்கிரம் தெரியும். நான் கேனோவை விரும்புவதற்கு முதல் காரணம் அதுதான்.

நீச்சல் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தெரியாவிட்டால் அதை முடித்துவிட்டு இங்கே வாருங்கள்.

படி 1: படகுக்கு முன்னால் நீர்வரத்து

"ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி" என்று செய்தியில் வருவதைத் தினமும் பார்க்கிறோம். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கும் அளவு அது. ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். 8,000 கன அடி என்றால் ஒவ்வொரு நொடியும் இரண்டே கால் லட்சம் லிட்டர் உங்களைக் கடந்து போகிறது.

2018இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி கர்நாடகம் பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) தர வேண்டும். மாத வாரியாகப் பார்த்தால் ஆகஸ்டுக்கு 45.95, பிப்ரவரிக்கு 2.5. இதை நொடிக்கு இத்தனை கன அடி என்று மாற்றிப் பாருங்கள்: ஆகஸ்டில் சராசரியாக 17 ஆயிரம், பிப்ரவரியில் ஆயிரம். இது கணக்குப்படி. நிஜத்தில் கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பினால் லட்சத்தைத் தாண்டும், மழை பொய்த்தால் இதில் பாதி கூட வராது. ஒரே பாறை பிப்ரவரியில் நீங்கள் ஏறி உட்காரும் மேடை, ஆகஸ்டில் தண்ணீருக்கடியில் சுழல் உண்டாக்கும் பொறி. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

அதனால் படகு வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒகேனக்கல் கரையில் பாதுகாப்பான ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, நீர்வரத்து குறைவாக இருக்கும்போதும் கூடும்போதும் போய் அதே பாறைகளைப் பாருங்கள். அன்றைய கன அடியைப் படத்தோடு எழுதி வையுங்கள். பாறைக்குப் பின்னால் நீர் திரும்பி மேல்நோக்கி வருகிறதா? அதைத்தான் எடி என்பார்கள். ஆற்றில் உங்கள் ஓய்விடம் அது. நீர்ப்பரப்பில் "V" எழுத்துபோல ஒரு வடிவமும் தெரியும். அதன் முனை நீர் போகும் பக்கம் கீழ்நோக்கி இருந்தால் இரண்டு பாறைக்கு நடுவே வழி இருக்கிறது. முனை நீர் வரும் பக்கம் மேல்நோக்கி இருந்தால் அந்த முனையில் ஒரு பாறை இருக்கிறது.

அப்படியே பரிசல்காரர்களையும் கவனியுங்கள். வட்டமான, அடி தட்டையான பரிசலை முன்பக்கம் உட்கார்ந்து, துடுப்பைத் தம்மை நோக்கி இழுத்து இழுத்துத்தான் நகர்த்துகிறார்கள். கேனோவில் 'டிரா' என்று கற்றுக்கொடுக்கும் வீச்சின் அடிப்படையும் அதே இழுப்புதான். காசு கொடுக்காமல் கிடைக்கும் பாடம்.

படி 2: படகின் வடிவம்

தனி ஆள் ஓட்டும் பாறை ஆற்றுக் கேனோ பத்து முதல் பன்னிரண்டு அடி இருந்தால் போதும். நீளம் கூடினால் நேராக ஓடும், திரும்புவதற்கு அடம்பிடிக்கும். பக்கவாட்டில் நின்று அடிப்பகுதியைப் பாருங்கள். நடுப்பகுதி தரையில் பட்டு இரண்டு முனையும் நன்றாக மேலேறி இருந்தால் ராக்கர் அதிகம், சட்டென்று திரும்பும். ஏரிப் படகில் இது கிட்டத்தட்ட இருக்காது.

தொடக்கத்தில் அடி அகலமாக, பக்கச் சுவர் வெளியே சரிந்த படகாகப் பாருங்கள். பக்கமும் அடியும் சேரும் விளிம்பு கூர்மையாக இருந்தால் நன்றாகத் திரும்பும், ஆனால் ஓட்டம் அந்த விளிம்பைப் பிடித்தால் யோசிக்க நேரம் கொடுக்காமல் கவிழ்க்கும். முதல் படகுக்கு வளைவான விளிம்புதான் என் தேர்வு.

படி 3: எதனால் செய்தது

ஃபைபர் கிளாஸ் வேண்டாம். பாறையில் மோதினால் விரிசல் விடும். ராயலெக்ஸ் என்ற அடுக்குப் பிளாஸ்டிக் ஒரு காலத்தில் எல்லோரும் விரும்பியது. அதன் உற்பத்தி 2014 வாக்கில் நின்றுவிட்டது. பழைய படகாகக் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் முனைகள் தேய்ந்து உள்ளிருக்கும் நுரை அடுக்கு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பாலிஎத்திலீன் கனம் கூட, ஆனால் அடி தாங்கும்.

நம் ஊர் நிலைமைக்கு என் நேர்மையான பரிந்துரை காற்றடைத்த கேனோ. ஒயிட்வாட்டர் கேனோ நம் பக்கம் கடையில் வைத்து விற்கும் பொருள் அல்ல. கட்டைப் படகு (மடிக்க முடியாத கெட்டிப் படகு) வாங்கினாலும் வைக்க இடம், காரின் மேல் கேரியர், கூடவே தூக்க ஒரு ஆள் என்று செலவு நீளும். காற்றடைத்தது மடித்தால் ஒரு பெரிய பைக்குள் அடங்கும், பஸ்ஸில் போடலாம். ஒரே நிபந்தனை: அடியில் ஓட்டைகள் வைத்து, உள்ளே வந்த தண்ணீர் தானாக வெளியேறும் வகையாக இருக்க வேண்டும். கடற்கரைக்கு விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் பொம்மைப் படகு, எவ்வளவு மலிவாக வந்தாலும், பாறை ஆற்றுக்கு ஆகாது. பல தனித்தனி காற்றறைகள் உள்ளதா, ஒன்று கிழிந்தாலும் மிதக்குமா என்று பார்த்து வாங்குங்கள்.

படி 4: உள்ளே என்ன இருக்க வேண்டும்

கட்டைப் படகு வாங்குபவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். திறந்த கேனோவை வாங்கிய நிலையிலேயே ஆற்றில் இறக்கினால் அலை உள்ளே விழுந்து சில நூறு லிட்டர் தண்ணீர் நிறைந்துவிடும். லிட்டருக்கு ஒரு கிலோ. அந்தப் படகு உங்களுக்கும் பாறைக்கும் நடுவே இல்லாமல், நீங்கள் படகுக்கும் பாறைக்கும் நடுவே இருந்தால் தப்புவது கடினம். படகை விட்டுத் தண்ணீரில் விழுந்தால் எப்போதும் படகின் மேல்நீர்ப் பக்கமாகவே, அதாவது நீர் வரும் பக்கமாகவே, இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

தண்ணீர் நிறைய இடம் இல்லாமல் செய்வதுதான் வழி. முன்னும் பின்னும் காற்றுப் பைகளை அடைத்து, மேல் விளிம்பில் துளைகள் போட்டு, நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிலில் கயிறு பின்னுவதுபோல் பின்னிப் பையை அமுக்கிப் பிடிக்க வேண்டும். பை மட்டும் இருந்து கயிறு இல்லாவிட்டால், கவிழ்ந்த நொடியில் பை வெளியே மிதந்து போகும், படகு மூழ்கும். முன்னும் பின்னும் நீளமான பட்டையால் ஒரு நங்கூர வளையமும் போடுங்கள். பையைக் கீழே இழுத்துப் பிடிக்க அது உதவும்.

லாரி ட்யூப் போடலாமா என்று கேட்பார்கள். நெடுஞ்சாலை ஓரப் பஞ்சர் கடைகளில் ட்யூப் கிடைக்கிறது, ஏரியில் பழக அது தாராளம். ஆற்றுக்கு வேண்டாம். வட்டமான ட்யூப் படகின் கூம்பு முனையில் சரியாக உட்காராது, மிச்ச இடத்தில் தண்ணீர் நிற்கும்.

நம் வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. முழுக்க ஊதிய பையைப் படகோடு ஏப்ரல் வெயிலில் விட்டால் உள்காற்று விரிந்து தையல் பிரியும். கரையில் நிற்கும்போது கொஞ்சம் காற்றை விட்டுவிடுங்கள், குளிர்ந்த நீரில் இறங்கியதும் பை தளரும், அப்போது ஊதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மண்டியிடும் இடம். நடுவில் நுரைக் கட்டை இருக்கை, தொடையைப் பிடிக்கும் பட்டை, முட்டிக்கு மெத்தை, பாதம் உதைக்க ஒரு தாங்கி. இவை இறுக்கமாக இருந்தால்தான் இடுப்பை அசைத்துப் படகைச் சாய்க்க முடியும். ஆனால் கவிழ்ந்தால் ஒரே இழுப்பில் தொடைப் பட்டை கழன்றுவிட வேண்டும். ஏரியில், இடுப்பளவு தண்ணீரில், பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கவிழ்ந்து பாருங்கள். கால் இருக்கைக்கு அடியில் மாட்டுகிறதா என்பதைக் கட்டாயம் சோதியுங்கள். தடித்த ஷூ போட்டவர்களுக்கு மாட்டும். மெல்லிய அடியுள்ள, கால்விரலை மூடிய ஷூ போதும்.

படி 5: துடுப்பும் கவசமும்

துடுப்பின் பிடி 'டி' வடிவத்தில் இருக்கட்டும். அப்போதுதான் தகடு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கைக்குத் தெரியும். நீளம் பலருக்கு ஐந்து அடிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஹெல்மெட், உடலோடு பட்டையால் இறுக்கிய லைஃப் ஜாக்கெட், நீரில் விழுந்தவருக்கு வீச, பதினைந்து இருபது மீட்டர் மிதக்கும் கயிறு உள்ள பை. இந்த மூன்றும் இல்லாமல் படகை இறக்காதீர்கள். கயிறு வீசப் பழகுவது வீட்டு மொட்டை மாடியிலேயே செய்யக்கூடியது.

படி 6: எங்கே ஓட்டுவது

முதலில் அசையாத நீர். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் அவதானப்பட்டி ஏரியில் படகு இல்லம் இருக்கிறது. போச்சம்பள்ளி பக்கம் பாரூர் ஏரி பெரியது, காற்று வீசும் நாளில் நேராகப் போகப் பழக நல்ல இடம். எந்த ஏரியானாலும், அணையானாலும் நீர்வளத்துறையிடமோ உள்ளாட்சியிடமோ அனுமதி கேட்காமல் இறங்காதீர்கள். ஓசூர் கெலவரப்பள்ளி அணையை நான் தவிர்க்கச் சொல்வேன். தென்பெண்ணையில் பெங்களூரு பக்கக் கழிவு வந்து, வெள்ளை நுரை மலைபோல் ஒதுங்குவது அங்கே வழக்கம். தலைகீழாகக் கவிழ்ந்து பழக வேண்டிய ஒருவருக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். இதைச் சொல்லும்போதே மனசு வலிக்கிறது. நம் ஆறு நாம் விளையாடத் தகுதியில்லாததாகிவிட்டது.

மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு தர்மபுரி மாவட்டம் வரை வரும். நாகமரை பக்கம் பரிசல் துறையில் பழகியவர்களிடம் நீர் எந்த மட்டத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் மரக்கட்டை மூழ்கிக் கிடக்கிறது என்று கேளுங்கள்.

ஒகேனக்கல்லில் சொந்தப் படகை இறக்க நினைக்காதீர்கள். அங்கே அனுமதி பெற்ற பரிசல்கள் ஓடுகின்றன, நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் அவற்றுக்கும் தடை போடுகிறது. மேலே உள்ள காடு 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாகவும், 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு சரணாலயமாகவும் இருக்கிறது. வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். முதலையும் உண்டு, யானையும் தண்ணீருக்கு வரும்.

தென்பெண்ணையில் தண்ணீர் வரும் மாதங்களில் நெடுங்கல், இச்சம்பாடி அணைக்கட்டுகளைப் பார்த்து "சின்ன இறக்கம்தானே, தாண்டிவிடலாம்" என்று தோன்றும். தாண்டவே கூடாது. குறுக்கே ஒரே சீராகக் கட்டிய சுவருக்குக் கீழே தண்ணீர் திரும்பி உருண்டு சுவரையே நோக்கி வரும். அதில் விழுந்தது எதுவானாலும் உள்ளேயே சுழலும். லைஃப் ஜாக்கெட் போட்டவரும் அதிலிருந்து வெளியே வர முடியாமல் போகலாம். இயற்கைப் பாறையில் நடுவிலோ ஓரத்திலோ ஒரு வழி இருக்கும், கட்டிய சுவரில் அது இருக்காது. தடுப்பணை கண்ணில் பட்டால் கரையேறிப் படகைச் சுமந்து தாண்டுங்கள்.

அப்படியானால் பாறை ஆறு? வெளியே போக வேண்டியதுதான். ஆறுகளின் கடினத்தை ஒன்றிலிருந்து ஆறு வரை வகுப்பார்கள். உங்களுக்கு முதலில் கிளாஸ் 1, 2 போதும். குடகில் துபாரே பக்கம் காவிரியில் சாது ஓட்டம் உண்டு. தெற்குக் குடகின் பரபோலே மழைக்காலத்தில் நல்ல வேகம், ராஃப்டில் வழிகாட்டியோடு ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு யோசியுங்கள். தாண்டேலியில் காளி ஆறு அணை திறப்பைப் பொறுத்து ஓடும். கேரளத்தில் கோழிக்கோடு கோடஞ்சேரி பக்கம் சாலிப்புழை, இருவஞ்சிப்புழை ஆறுகளில் மழைக்காலத்தில் நடக்கும் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் கயாக் போட்டியைக் கரையில் நின்று பார்ப்பதே ஒரு பாடம். கற்பதற்கு ரிஷிகேஷில் கயாக் பள்ளிகள் இருக்கின்றன. கயாக்கில் கற்றுக்கொள்ளும் நீர் வாசிப்பு கேனோவுக்கும் அப்படியே பொருந்தும். எங்கே போனாலும் தனியாகப் போகாதீர்கள், மூன்று பேராவது.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

படகிலிருந்து விழுந்தால் எழுந்து நின்றுவிடலாமே என்று கேட்டார்கள். வேண்டாம். ஓடும் நீர் முழங்காலுக்கு மேல் இருக்கும்போது நின்றால் பாதம் பாறை இடுக்கில் மாட்டும், ஓட்டம் உடலை முன்னால் சாய்த்து அமுக்கிவிடும். மல்லாந்து படுத்து, கால்களை நீர் போகும் பக்கம் நீட்டி மேலே தூக்கி, கையால் தள்ளிக் கரைக்கு வாருங்கள். ஆழம் முழங்காலுக்குக் கீழே வந்த பிறகுதான் நிற்கலாம்.

காற்றடைத்த படகு கிழிந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார்கள். படகு வாங்கும்போதே அந்தத் துணிக்குப் பொருந்தும் பசையும் ஒட்டுத் துண்டும் சேர்த்து வாங்குங்கள். பிவிசி துணிக்கு வேறு பசை, ரப்பர் துணிக்கு வேறு பசை. சைக்கிள் பஞ்சர் பசை பிவிசியில் பிடிக்காது.