குளிர்ப் பகுதித் தோட்டத்துக்கு நர்சரியில் நாற்று வாங்கும் முறை

வாங்கப் புறப்படும் முன், உங்கள் பகுதியில் வசந்தத்தின் கடைசி உறைபனி வழக்கமாக எந்த வாரத்தில் விழும் என்பதைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். முட்டைக்கோஸ், புரோக்கோலி, லெட்யூஸ் ஆகியவை இலேசான உறைபனியைத் தாங்குவதால், அதற்கு இரண்டு வாரம் முன்பே அவற்றை நடலாம். தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றையும், இரவு வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காத காலம் வரும்வரை வெளியில் நடக் கூடாது. நர்சரியில் நாற்று விற்பனைக்கு வந்துவிட்டது என்பதாலேயே நடவுக்காலமும் வந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

பூவும் பிஞ்சுமாக நிற்கும் நெட்டைச் செடியைவிட, தண்டு பருத்த குட்டை நாற்றையே நான் எடுப்பேன். இலையின் அடிப்பக்கத்தில் அசுவினியோ வெள்ளை ஈயோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, கடைக்காரரிடம் அனுமதி பெற்று, தண்டின் அடியை இரு விரல்களுக்கு இடையே தாங்கியபடி தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெண்ணிற வேர்கள் மண்ணை உதிராமல் பற்றியிருந்தால் வாங்கலாம், பழுப்பேறித் தொட்டியின் வடிவிலேயே சுருண்டிருந்தால் வேண்டாம். கேரட்டையும் முள்ளங்கியையும் நாற்றாக வாங்காமல் நேரடியாக விதையுங்கள்.

அடுத்த படி, நாற்றை வெளிச்சூழலுக்குப் பழக்குவது. அதைச் செய்யாததால்தான் என் முதல் ஆண்டு நாற்றுகள் அனைத்தும் போயின. வாங்கிய அன்றே வெயிலில் நட்டேன். இரண்டே நாளில் இலைகள் வெளுத்துக் காகிதம்போல் உலர்ந்தன. குளிர்தான் காரணம் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். உண்மையில், பசுமைக்குடிலில் வளர்ந்த மெல்லிய இலைகளை நேர்வெயிலும் காற்றும்தான் கருக்கியிருந்தன. ஆகவே, முதல் நாள் நிழலில் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் வெளியே வையுங்கள். நாள்தோறும் நேரத்தைக் கூட்டி, நான்காம் நாளிலிருந்து காலை வெயிலைக் காட்டி, 7 முதல் 10 நாட்களுக்குள் இரவிலும் வெளியே விடும் அளவுக்குப் பழக்குங்கள். பலத்த காற்றடித்தால் அன்று உள்ளேயே இருக்கட்டும்.

நான் வலியுறுத்தும் ஒரே கருவி, இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையைப் பதிந்து காட்டும் வெப்பமானி. வானிலை அறிக்கையின் அளவு தரைக்கு மேலே ஏறக்குறைய ஆளுயரத்தில் எடுக்கப்படுவது. மேகமற்ற இரவில் தரையை ஒட்டி அதைவிடக் குளிர்ந்திருக்கும் என்பதால், வெப்பமானியைப் பாத்தியிலேயே வையுங்கள்.

பின்சேர்க்கை: மக்கும் பீட் (சதுப்பு நிலத்தில் பாதி மட்கிய தாவரப்பொருள்) தொட்டியோடு நட்ட நாற்றுகள் வாடுவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். தொட்டியின் விளிம்பு மண்ணுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால், அது திரிபோல ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் உலர்த்திவிடும். விளிம்பைக் கிழித்தெறிந்து, அடிப்பகுதியைக் கீறிவிட்டு, நன்கு நனைத்த பிறகு முழுவதும் மண்ணுக்குள் மறையும்படி நடுங்கள்.