கண் எரிந்தால் பசளை பறக்கிறது: கூட்டெருவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 இல் இலங்கையில் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது, வன்னியில் எங்கள் பக்கம் பல வளவுகளில் கூட்டெருக் குவியல்கள் எழும்பின. என் வளவிலும் ஒன்று. நான்காம் நாள் மண்வெட்டியால் ஒரு பக்கத்தைத் திறந்தேன். ஆவியோடு வந்த நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வழிந்தது. நன்றாகச் சூடேறிவிட்டது என்று சந்தோசப்பட்டேன். ஆனால் அந்த நெடி அமோனியா. நெல்லுக்குப் போகவேண்டிய நைதரசன் காற்றோடு போய்க்கொண்டிருந்தது.

குவியல் 50 பாகை செல்சியஸைத் தொடும்போது சூட்டை விரும்பும் பற்றீரியாக்கள் வேலையைக் கையில் எடுக்கும். பசிலஸ் இனத்தவை இவற்றில் பல. எருவிலுள்ள புரதம் உடையும்போது அமோனியா வெளிவரும். அதையே உண்டு தம் உடலாக்கிக்கொள்ளும் வகைகளும் இவற்றில் உண்டு. உடலுக்குள் போன நைதரசன் பறக்காது. அமோனியாவை நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்கள் 40 பாகைக்கு மேல் சோர்ந்துவிடும் என்பதால், அந்தச் சூட்டில் நமக்குக் கைகொடுப்பவை இவைதான்.

இவற்றைப் பட்டினி போடுவதுதான் பெரிய தவறு. உடல் வளர்க்கக் காபனும் வேண்டும். கோழி எருவை மட்டும் குவித்துப் போத்தலில் வாங்கிய நுண்ணுயிர்க் கரைசலை ஊற்றினால் பயனில்லை. நைதரசன் மிஞ்சிப் பறக்கும். ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு காபன் இருக்கவேண்டும். கைக்கணக்கில் சொன்னால், காய்ந்த கோழி எரு ஒரு கிலோவுக்கு நறுக்கிய வைக்கோல் இரண்டு கிலோ. பார்வைக்கு வைக்கோல் மலைபோலத் தெரியும், பயப்படவேண்டாம். கரைசல் வாங்காவிட்டாலும் சரி, பழைய குவியலின் சூடான நடுப்பகுதியில் ஒரு கடகம் அள்ளிக் கலந்துவிடுங்கள். வேண்டிய பற்றீரியா அதில் இருக்கிறது.

அடுத்தது சாம்பல். நாற்றம் போகட்டும் என்று அடுப்புச் சாம்பலோ சுண்ணாம்போ தூவுகிறோம். இரண்டும் காரம். காரமும் சூடும் சேர்ந்தால் அமோனியா இன்னும் வேகமாக வாயுவாகும். நான் விட்ட பிழையும் இதுதான். உமியைச் சாம்பலாக விடாமல் கரியாக எரித்துக் கலந்தால், அந்தக் கரி அமோனியாவை ஓரளவு பிடித்துவைக்கும்.

சூட்டை விரும்பும் என்றதும் எவ்வளவு சூடும் நல்லது என்று நினைக்கக்கூடாது. 55 முதல் 65 பாகை போதும். 70ஐத் தாண்டினால் பெரும்பாலானவை செத்துப்போகும், நைதரசன் இழப்பும் கூடும். வெப்பமானி இல்லையா? அலவாங்கை நடுவில் குத்தி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள். பிடித்த கையை உடனே எடுக்கவேண்டி வந்தால் நல்ல சூடு. அதற்காகத் தினமும் கிளறவேண்டாம். கிளறும் ஒவ்வொரு முறையும் அமோனியா வெளியேறும். ஆனால் கிளறாமலே விட்டால் ஒட்சிசன் இல்லாமல் அழுகும். முதல் வாரம் விட்டுவிட்டு, பிறகு வாரம் ஒருமுறை கிளறினால் போதும். 65ஐத் தாண்டினால் மட்டும் முன்பே கிளறுங்கள்.

கச்சான் காற்றில் மேற்பரப்பு இரண்டே நாளில் காய்ந்துவிடும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுத்தான் வரவேண்டும். குறைந்தால் தண்ணீர் தெளித்துக் கிடுகால் மூடுங்கள். மாரியிலும் அதே கிடுகு வேண்டும். மழையில் நனைந்தால் அடியிலிருந்து தேத்தண்ணி நிறத்தில் நீர் ஓடும், அதிலும் நைதரசன் கரைந்து போகும். ஓரத்தில் சிறு குழி வெட்டி அந்த நீரைச் சேர்த்து, குவியல் காயும்போது திரும்ப அதன்மேலேயே ஊற்றுங்கள்.